கல்மரமும் முட்காடும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஓடையை ஒட்டிய மண்ணில் கிடந்தபடியே கல்லாகிப் போன ஒரு பெருமரத்தை, 1940-ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து வெளியிட்ட காலந்தொட்டு, 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மரம், பள்ளிப் பிள்ளைகளும் பன்னாட்டு விஞ்ஞானிகளும் ஒருங்கே வந்து பார்த்து வியக்கும் அதிசயமாக விளங்கி வருகிறது. பத்துக் கோடி ஆண்டை ஒட்டிய பழங்காலத்தில், இன்றைய பெரம்பலூரின் கிழக்குப் பகுதியையும் அரியலூரையும் கடல் மூடிக் கிடந்தபோது, கரையிலிருந்து அடித்து வரப்பட்டு, சேற்றில் அமிழ்ந்து, மரச்சத்து கரையக் கரைய அவ்விடத்தில் மணற்சத்து குடியேறி, ரேகையும் மாறாமல் கல்லாகிவிட்ட விருட்சம் அது. அதைச் சுற்றி வேலி உண்டு. தேசியப் புவியியல் சின்னம் என்ற பட்டமும் உண்டு. இவை அதற்குத் தகும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேலிக்கு வெளியே, சிறுவாச்சூர் முதல் ஜெயங்கொண்டம் வரை, உழவுக்கும் மனைக்கும் சுரங்கத்துக்கும் தப்பித் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் நிலங்களில், இன்றும் உயிரோடு நின்று பூத்துக் காய்க்கும் மரஞ்செடிகளுக்கு நம் ஆவணங்களில் என்ன மரியாதை? மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில், புதர் அடர்ந்த நிலமும் புதர் அடராத நிலமும் தரிசின் இரண்டு வகுப்புகள். கிராமக் கணக்கில் அவற்றுள் பல புறம்போக்கு. இறந்து பல கோடி ஆண்டான மரத்தைச் சின்னமென்றும், உயிரோடு நிற்கும் மரத்தைத் தரிசென்றும் எழுதி வைத்திருக்கும் இந்த விபரீதக் கணக்கைத் திருத்துவதற்கு வேண்டிய கல்வி, எங்கோ தூர தேசத்தில் அல்ல, பக்கத்துத் திருச்சிராப்பள்ளியிலேயே அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், அதைக் கேட்டுப் பெற்று நிலத்தின்மேல் செலுத்துவது நம்முடைய இரு மாவட்ட நிர்வாகங்களின் கடமை என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், தரிசு என்று தள்ளப்படும் அந்தக் காட்டின் குடிகளைச் சற்றே பார்க்கலாம். உசிலை, வெள்வேல், விடத்தலை, வெப்பாலை, ஆத்தி, கிளுவை, காரை, சூரை, முட்சங்கன், ஆவாரை என்று பெயர் சொல்லத் தொடங்கினால், ஊர்ப் பெரியவர்கள் நிறுத்தமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் இரண்டு மூன்று மாதங்களில் கிடைத்த ஈரத்தை வைத்துக்கொண்டு வருஷம் முழுவதையும் கடத்தும் சாமர்த்தியம் இவற்றினுடையது. இலையைச் சிறுக்கியும், முள்ளாக்கியும், கோடையில் உதிர்த்தும், வேரை ஆழத்துக்கு அனுப்பியும் அவை இந்த வித்தையைச் செய்கின்றன. எண்ணெய்க் குளியலுக்கு அரப்புத்தூள் தரும் இலை உசிலையின் இலை. சருமரோகத்துக்குத் தைலம் காய்ச்ச வெப்பாலையின் இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறங்கொள்ளும். வெள்வேலின் நெற்று வெள்ளாட்டுக்குக் கோடை ஆகாரம். புதரடியில் ஒளிந்து வளரும் கள்ளிமுளையானை ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் மென்று வந்தார்கள். இப்போது அதே செடியின் சாறு உடல் இளைக்க வைக்கும் மருந்தென்று குப்பியில் அடைபட்டுக் கடல் கடந்து விற்கிறது. விற்பனை பெருகப் பெருக, முளையோடு பிடுங்குவதும் பெருகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பும் கரிசலும் கலந்த பெரம்பலூர் மண்ணில் ஒரு கூட்டமும், செந்துறை ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண்ணில் வேறொரு கூட்டமுமாக இவை பிரிந்து வாழ்வதைக் கவனித்தவர்கள், இதைப் பொதுப்படையான புதர் என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆனால் கவனித்தவர்கள் வெகுகாலம் வரை மிகச் சிலரே. ஆங்கிலேயர் காலத்துத் தாவர சாஸ்திரிகளுக்கு நீலகிரியும் பழனிமலையும் ஆனைமலையும் கொடுத்த குளிர்ச்சியைச் சமவெளி கொடுக்கவில்லை. ஆகவே மலைகள் நுணுக்கமாக ஆராயப்பட்ட அளவுக்கு, வெயில் கொளுத்தும் இந்த முட்காடுகள் ஆராயப்படவில்லை. கேம்பிள் என்பவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்து, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலே நெடுங்காலம் எல்லோருக்கும் கைவிளக்காக இருந்தது. அது மாகாணம் முழுவதற்கும் எழுதப்பட்ட நூல். ஒரு வட்டத்தின் ஓடைக்கரையில் என்ன முளைக்கிறதென்று அதனிடம் கேட்பது நியாயமன்று.

இந்தக் குறையைத் தீர்க்கும் பிரயத்தனம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் உருவாயிற்று. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்குப் பெயர்ந்த அந்தக் கல்லூரியில் தாவரவியல் போதித்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி ராபினாட்டின் பெயரால், 1967-இல் அங்கே ராபினாட் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரச் சேகரம் நிறுவப்பட்டது. அதை நிறுவி வளர்த்தவர் அதே சபையைச் சேர்ந்த கே. எம். மேத்யூ (1930–2004). அவரும் அவருடைய மாணாக்கர்களும் தமிழகத்தின் வடக்கு, நடுப் பகுதிகளின் சமவெளிகளையும், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, ஜவ்வாது மலை முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் கால் நடையாகவும் வண்டியிலும் அலைந்து சேகரித்த செல்வமே, 1981 முதல் 1988 வரை, தரவுகள் ஒரு தொகுதி, சித்திரங்கள் ஒரு தொகுதி, வருணனை மூன்று பாகங்கள், மேலும் சித்திரங்கள் ஒரு தொகுதி என்று வெளிவந்த தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பிரதேசத்துத் தாவர நூல். கர்நாட்டிக் என்றதும் பக்கத்து மாநிலத்தை நினைக்க வேண்டாம். ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் வழங்கிய பழைய பிரதேசப் பெயர் அது. நாலாயிரம் ரூபாய் சம்பளத்துக்கும் ஆள் கிடைக்காத கோடை வெயிலில், பிரதிபலன் கருதாத ஒரு துறவியும் மாணாக்கர்களும் முள் கிழிக்க நடந்து முடித்த இந்தக் கைங்கரியத்தை நம்முடைய நாளிதழ்கள் அன்று போதிய அளவு கொண்டாடவில்லை என்றே தோன்றுகிறது. 1991-இல் மத்தியத் தமிழகத்துக்கென்று, களத்துக்குக் கையில் எடுத்துப் போகத்தக்க சுருக்க நூல் ஒன்றையும் மேத்யூ வெளியிட்டார். 1999-இல் பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் வந்தது. ஒரு மனித ஆயுளுக்கு இது அதிகம்.

அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி மாவட்டத்தின் பாகங்கள். பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. அரியலூர் ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007-இல் நிலையாகப் பிரிந்தது. மாவட்டம் பிரிந்தபோது மேசையும் நாற்காலியும் கோப்புகளும் பங்கிடப்பட்டன; செடிகளின் விவரம் மட்டும் திருச்சிக் கல்லூரி அலமாரியிலேயே தங்கிவிட்டது. அது தங்கியதில் தவறில்லை. அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிய அலுவலகங்களுக்கு வராமற்போனதுதான் குறை.

அலமாரியில் இருப்பது என்ன? ஒரு தடித்த தாள்; அதில் அழுத்தி உலர்த்தி ஒட்டப்பட்ட ஒரு கிளை, பூவோடும் இயன்றால் காயோடும்; கீழ்மூலையில் ஒரு சீட்டு. பறித்த இடம், தேதி, பறித்தவர், வரிசை எண், மண்ணின் தன்மை, பூவின் நிறம், ஊரார் சொல்லும் பெயர் ஆகியவை அந்தச் சீட்டில் இருக்கும். காய்ந்த தழைக்கு இத்தனை ஆடம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்துக்குப் பத்திரப் பதிவு அலுவலகம் எப்படியோ, செடிக்கு ஹெர்பேரியம் அப்படி. எந்தச் செடி எந்த மண்ணில் எந்தக் காலத்தில் குடியிருந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல வேறு இடமில்லை. கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் சாதனங்கள் வந்துவிட்ட பிறகு தாள் எதற்கு என்பது மற்றொரு கேள்வி. படம் பூவைக் காட்டும். பூவைப் பிரித்துச் சூல்பையை அறுத்துப் பார்க்க விடாது. புல்லிலும் கோரையிலும் ஒன்றையொன்று ஒத்த இனங்கள் பல; அவற்றின் பேதம் உருப்பெருக்கியின் கீழ்தான் பிரத்தியட்சமாகும். மேலும், நாளை ஒரு நிபுணர் இன்றைய பெயர் தவறென்று நிரூபித்தால், தாளில் உள்ள செடியை மறுபடி எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். பழைய தாளின் இலையிலிருந்து மரபுப்பொருளை எடுத்து ஆராயும் வித்தையும் இப்போது கைகூடியிருக்கிறது. படத்தையும் பயன்படுத்துவோம், தாளையும் காப்போம் என்பதே என் சமாதானம்.

சேகரம் அருகிலிருப்பதன் மகிமையை அறிய, அது அருகில் இல்லாத காலத்தை நினைக்க வேண்டும். தரங்கம்பாடிக்கு 1768-இல் வந்த கோனிக், 1776-இல் வந்த ராட்லர் ஆகிய தாவர சாஸ்திரிகள் சோழமண்டலக் கடற்கரையில் பறித்துலர்த்திய செடிகள் ஐரோப்பாவுக்குப் போயின. ராட்லரின் சேகரத்தில் பெரும்பங்கு பின்னாளில் லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்தது. தாவர சாஸ்திரி ராபர்ட் வைட்டுக்காக ரங்கையாவும் கோவிந்துவும் தீட்டிய தாவரச் சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றன. சித்திரக்காரர்களின் நாட்டுப் பிள்ளைகள் அசலைப் பார்க்க வேண்டுமானால் பிரிட்டனுக்குக் கப்பலேற வேண்டும் என்ற நிலைமை. வேப்பந்தட்டையிலோ உடையார்பாளையத்திலோ படிக்கும் ஒரு மாணவி காலைப் பேருந்தில் புறப்பட்டுத் தன் ஊர்ச் செடியின் தாளைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்ற இன்றைய நிலை அந்த நிலைமையிலிருந்து எவ்வளவு தூரம்! கோயம்புத்தூரில் 1955 முதல் இயங்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலமும், அதே ஆண்டில் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே பணியைப் பெரிய அளவில் செய்கின்றன. ஆயினும் நம் இரு மாவட்டத்துக்கு நெருங்கிய உறவு திருச்சிதான்.

இனி, சுரங்கத்துக்கு வருகிறேன். பழங்கடல் விட்டுச்சென்ற சிப்பியும் சுண்ணாம்புமே அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கின. அரசு ஆலையும் தனியார் ஆலைகளுமாக இந்தச் சிறிய வட்டாரத்தில் அமைந்திருப்பவை பலருக்குச் சோறு போடுகின்றன. நாமெல்லோரும் சிமெண்ட் வீட்டில் இருந்துகொண்டு சிமெண்டைச் சபிப்பது கண்ணியமாகாது. தோண்டாதே என்று நான் சொல்லவில்லை. தோண்டுவதற்கு முன்னும் தோண்டிய பின்னும் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் பேச்சு. சுரங்கத்தை மூடும் திட்டம் என்ற ஒன்று ஒவ்வொரு குத்தகைக்கும் சட்டப்படி இருந்தாக வேண்டும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையை விதிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. நல்ல உத்தரவு. ஆனால் எந்தப் புல்? எந்தச் செடி?

இங்கேதான் அலமாரியின் பிரயோஜனம் வெளிப்படுகிறது. சுரங்கத்திலிருந்து புரட்டிப் போட்ட மண், சுண்ணாம்பு மிகுந்து, மக்கு குறைந்து, ஈரம் நில்லாத மண். அதில் தைலமரமோ சவுண்டலோ நாலு வரிசை நட்டு, பசுமைப் பட்டை என்று பலகை வைப்பது சுலபம். படத்துக்கும் அழகாக இருக்கும். அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகிய இனங்கள் எவை என்பதைச் சீட்டில் எழுதப்பட்ட இடமும் மண் குறிப்பும் சொல்லும். அவற்றுள் எவை முன்னோடியாக வெறும் மண்ணைப் பிடிக்கும், எவை நிழல் விழுந்த பிறகு வந்து சேரும் என்ற வரிசையைக் களத்தில் உழைத்த தாவர சாஸ்திரி சொல்வார். ஒரு நிறுவனம் கையிலெடுக்கும் பசுமைப் பணிக்கு இந்த இரண்டு அறிவும் இல்லாவிட்டால், செலவு மட்டுமே மெய், காடு பொய்.

இனப் பட்டியல் கிடைத்தாலும் விதை கிடைக்க வேண்டும். விதைகளின் சுபாவம் ஒன்றுபோல் இல்லை. உசிலையின் விதையும் வெள்வேலின் விதையும் தடித்த ஓடுடையவை. உலர்த்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும், விதைக்கும்போது வெந்நீரில் ஊற வைத்து எழுப்ப வேண்டும். நாவலும் இலுப்பையும் நேர்மாறானவை. உலர்ந்தால் மடிந்துபோகும், பொறுக்கிய சூட்டோடு நாற்றங்காலுக்குப் போயாக வேண்டும். வேப்பங்கொட்டைக்கும் தவணை சில வாரங்களே. வெப்பாலைக் காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறந்துவிடும்; வெடிப்பதற்குச் சற்று முன் பறிப்பவனுக்கே விதை. கியூ தோட்டத்தினர் 2000-இல் திறந்த பெரிய விதை வங்கியைப்போல் உறைகுளிர் அறைகள் நமக்கு உடனே வேண்டியதில்லை. எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்ற பஞ்சாங்கமும், அதை அறிந்த நாலு பேரும், நிழல்வலைக்குக் கீழ் ஒரு நாற்றங்காலும் போதும். ஆரோவில்லில் 2003-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் தோட்டம், சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டு இனங்களை நாற்றாக வளர்த்துக் காட்டிவிட்டது. ஆகையால் நாட்டு மரங்களை நாற்றங்காலில் எழுப்ப முடியாது என்ற சாக்கு இனிச் செல்லாது. 33 விழுக்காடு பரப்பை மரங்கள் மூட வேண்டுமென்று 2022-இல் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு எண்ணிக்கை இலக்கு இருக்கிறது. நம் மாவட்டத்துக்குப் பங்காக வரும் நாற்றுகள் எந்த இனம் என்பதையும் யாராவது கேட்க வேண்டும்.

கேளாமல் செய்த காரியங்களின் பலனை இந்த மண் முன்னமே அனுபவித்திருக்கிறது. 1974-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த வனத்தோட்டக் கழகம் காகித ஆலைக்குத் தைலமரத்தையும் ஏற்றுமதிக்கு முந்திரியையும் வளர்த்தது. வருமானம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தோட்டத்தைக் காடு என்று கணக்கெழுதுவது வேறு விஷயம். 1877-இல் விறகுக்கென்று கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலின் விருத்தாந்தம் யாவரும் அறிந்தது. அதை ஒழிக்கப் புறப்பட்டிருப்பது நியாயமே. எனினும் இயந்திரத்தின் வாய்க்குச் சீமைக்கருவேல் எது, வெள்வேல் எது, விடத்தலை எது என்ற பேதம் தெரியாது. முள் இருப்பதெல்லாம் அந்நியன் என்று ஒரே வாரில் வழித்தெடுத்துவிட்டு, பிறகு நாட்டு மரம் நடுவதற்கு விழா எடுப்பதைவிட, தாவரம் படித்த ஒருவரை முதல் நாள் நிலத்தைச் சுற்றி வரச் செய்து, நிறுத்த வேண்டியவற்றுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போடுவது மலிவு.

நம் முன்னோர் இந்த நிதானத்தைப் பக்தியின் வழியாகச் செய்தார்கள். அய்யனார் கோயிலைச் சுற்றிய காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இன்றும் சில ஊர்களில் உயிரோடிருக்கிறது. கீழப்பழுவூரில் சம்பந்தர் பாடிய சிவன் கோயிலுக்கு ஆலந்துறை என்றே பெயர். ஆலமரமே தல விருட்சம். கோயிலைச் சுற்றிச் சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் வட்டாரம் அது. ஒரு மரத்தைத் தெய்வமென்று காத்தவர்களுக்கு, அந்த மரத்தோடு சேர்ந்து வளரும் கொடியும் புல்லும் பூண்டும் காக்கப்பட வேண்டியவை என்று சொன்னால் புரியும், சொல்லத்தான் ஆளில்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் சாசனத்தின்படி உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது. பறவைக்காக வந்த அந்தக் கௌரவத்தால் நீர்ச்செடிகளுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. வறண்ட நிலத்துச் செடிக்குப் பரிந்து பேச நாரை இல்லை.

சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் குழு அமைத்து மக்கள் பன்மயப் பதிவேடு எழுத வேண்டும். அவசரத்தில் நிரப்பப்பட்ட பதிவேடு எதற்கும் உதவாது. வேம்பு, புளி, தென்னை என்று மூன்று பெயரெழுதி முத்திரை குத்துவதைக் காட்டிலும் எழுதாதிருப்பது மேல். ஊர்ப் பெரியவர் சொல்லும் பெயரையும், ஹெர்பேரியத் தாளின் பெயரையும், இன்று அந்த இடத்தில் அச்செடி இருக்கிறதா என்பதையும் மூன்று பத்தியில் எழுதினால், நாற்பது ஆண்டில் நாம் எதை இழந்தோம் என்பது தானே தெரியும். இதற்கு வேண்டிய ஆட்கள் நம் அரசு கலைக் கல்லூரிகளில் தாவரவியல் படிக்கிறார்கள். செடியை இனங்காணும் கலையைப் பழைய காலத்துப் படிப்பு என்று ஒதுக்கி, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பட்டம் முடித்து அனுப்பும் போக்கு பரவி வருவதால், இவர்களுக்குக் களத்தில் கற்பிக்கக்கூடிய மூத்தவர்கள் அருகி வருகிறார்கள் என்பதையும் பல்கலைக்கழகங்கள் நினைவில் வைக்கட்டும்.

ஆகவே, பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆட்சியர்கள் இருவருக்கும் என் வேண்டுகோள் இதுதான். முட்காட்டுச் செடிகள் பூக்கத் தொடங்குவது ஐப்பசி மழைக்குப் பிறகு. அதற்குள் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இரு மாவட்டத்து மண்ணில் பறித்த தாள்களின் பட்டியலைப் பெற்று, சுரங்கக் குத்தகையும் புறம்போக்கும் அமைந்த ஊர்களுக்குக் கல்லூரி மாணவர்களை அந்தப் பட்டியலோடு அனுப்புங்கள்; அவர்கள் திரும்பி வந்து தரும் கணக்கைப் பார்த்த பிறகு அடுத்த குத்தகையில் கையெழுத்திடுங்கள்.